ஒரே வேலைக்கு நான்கு மருந்துகள்: பிரசவ ரத்தப்போக்கும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலும்

உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில், கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்துகளுக்கென்று ஒரு சிறிய பகுதி இருக்கிறது. ஆக்ஸிடோசின், எர்கோமெட்ரின், மிசோப்ரோஸ்டால், கார்பெடோசின் ஆகிய நான்கு பெயர்களை அங்கே பார்க்கலாம். நான்குக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. குழந்தை பிறந்தபின் தாய்க்கு ஏற்படும் அளவுமீறிய ரத்தப்போக்கைத் தடுப்பதுதான் அது.

பட்டியலின் இயல்பு தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். 1977இல் முதல் பட்டியல் வந்தபோது அதில் இருந்தவை சுமார் இருநூறு மருந்துகள்தான். சந்தையில் ஆயிரக்கணக்கில் மருந்துகள் இருக்கட்டும், பெரும்பாலான மக்களின் முக்கியமான நோய்களுக்கு இவ்வளவு போதும், இவை எல்லாருக்கும் தடையில்லாமல் கிடைக்க வழிசெய்யுங்கள் என்பதே தலைமை இயக்குநராக ஹாஃப்டான் மாலர் இருந்த காலத்தில் உருவான சிந்தனை. 2025 பட்டியலில் மருந்துகளின் எண்ணிக்கை 523 ஆகிவிட்டது. ஆனாலும் அந்தச் சிக்கனப் புத்தி போய்விடவில்லை. ஒரே மாதிரி வேலை செய்யும் மருந்துகள் பல இருந்தால் ஒன்றைப் பிரதிநிதியாக வைத்துக்கொள்வதே வழக்கம். அப்படியிருக்க, இந்த ஒரு வேலைக்கு ஏன் நான்கு?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நான்கும் வெவ்வேறு நிலையில் உள்ள பிரசவ அறைகளுக்கான மருந்துகள். எந்த மருந்து சிறந்தது என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது. எங்கே, யார் கையில், எப்படிச் சேமித்து வைத்த மருந்து என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். பட்டியலில் எது இடம்பெறலாம் என்று பரிசீலிக்கும் நிபுணர் குழு இதை ஒரே நாளில் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பல ஆண்டுகளும் கடுமையான வாக்குவாதங்களும் தேவைப்பட்டன.

பிரச்சினை எவ்வளவு பெரியது

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சுக்கொடி பிரிந்ததும் அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் திறந்தபடி நிற்கும். கருப்பைத் தசை இறுகச் சுருங்கி அவற்றை நெரித்து மூடுவதுதான் இயற்கையின் ஏற்பாடு. அந்தத் தசை தளர்ந்து கிடந்தால் ரத்தம் நிற்காது. 500 மில்லியோ அதற்கு மேலோ போனால் அதைப் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு என்று வரையறுத்து வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 1.4 கோடிப் பெண்களுக்கு இது நேர்கிறது. சுமார் 70,000 பேர் இறக்கிறார்கள். இறப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வருமானம் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

இத்தனைக்கும் இதைத் தடுக்கும் மருந்து பல பத்தாண்டுகளாகக் கையில் இருக்கிறது. ஆக்ஸிடோசினை வின்சென்ட் து விக்னோ 1953இல் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கினார். 1955இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் பட்டியலிலேயே ஆக்ஸிடோசினும் எர்கோமெட்ரினும் இடம்பெற்றுவிட்டன. எர்கோமெட்ரின் நன்றாக வேலை செய்யும். ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால், ஏற்கெனவே அழுத்தம் அதிகமாக உள்ள தாய்க்குக் கொடுக்க முடியாது. எனவே முதல் தேர்வு ஆக்ஸிடோசின்தான். குழந்தை பிறந்தவுடன் 10 யூனிட், ஓர் ஊசி, ஓரிரு நிமிடத்தில் பலன். பக்கவிளைவு குறைவு, விலையும் குறைவு. தேர்வு இவ்வளவு எளிதாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஆக்ஸிடோசினுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். ஊசி போடத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சுத்தமான ஊசியும் சிரிஞ்சும் வேண்டும். மின்சாரம் நிலையாக உள்ள மருத்துவமனையில் இந்த மூன்றும் யாருக்கும் நிபந்தனையாகவே தோன்றாது. மருத்துவச்சிகூட வந்துசேர முடியாத வீட்டில் நடக்கும் பிரசவத்தில் மூன்றுமே இல்லை.

மாத்திரை வந்தது, சண்டையும் வந்தது

மிசோப்ரோஸ்டால் பிரசவத்துக்காக உருவான மருந்தே அல்ல. வலிநிவாரணிகளால் இரைப்பையில் புண் வராமல் தடுக்க 1980களில் விற்பனைக்கு வந்த மாத்திரை அது. கருப்பையைச் சுருங்கவைக்கும் குணம் அதற்கு இருந்ததால் மகப்பேறு மருத்துவர்கள் அதைக் கவனித்தார்கள். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம், ஊசி வேண்டாம், வாயில் போட்டு விழுங்கினால் போதும். ஆக்ஸிடோசினின் மூன்று நிபந்தனைகளும் ஒரே அடியில் விலகிவிடுகின்றன.

ஆனால் பலன் எப்படி? உலக சுகாதார நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வொன்றின் முடிவு 2001இல் வந்தது. பல நாடுகளின் மருத்துவமனைகளில் 18,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆக்ஸிடோசின் ஊசியையும் 600 மைக்ரோகிராம் மிசோப்ரோஸ்டாலையும் ஒப்பிட்டார்கள். ஒரு லிட்டரோ அதற்கு மேலோ ரத்தம் இழந்தவர்கள் ஆக்ஸிடோசின் பக்கம் நூற்றுக்கு 3 பேர், மிசோப்ரோஸ்டால் பக்கம் 4 பேர். மாத்திரை எடுத்தவர்களுக்கு நடுக்கமும் காய்ச்சலும்கூட அதிகம். முடிவில் குழப்பமே இல்லை, ஆக்ஸிடோசின்தான் மேல்.

2006இல் வேறொரு ஆய்வு வெளியானது. கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டக் கிராமப்புறங்களில், துணைச் செவிலியர்கள் பார்த்த 1,620 பிரசவங்களில் நடந்தது. இங்கே மிசோப்ரோஸ்டாலை ஒப்பிட்டது ஆக்ஸிடோசினோடு அல்ல, மருந்தில்லாத வெற்று மாத்திரையோடு. ஏனென்றால் அந்தச் சூழலில் ஆக்ஸிடோசின் ஊசிக்கு வழியே இல்லை. ரத்தப்போக்கு ஏற்பட்டவர்கள் 12 சதவீதத்தில் இருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு 1.2 சதவீதத்தில் இருந்து 0.2 சதவீதமானது. பதினெட்டுப் பெண்களுக்கு மாத்திரை கொடுத்தால் ஒருவருக்கு ரத்தப்போக்கைத் தடுக்கலாம் என்பது அவர்களுடைய கணக்கு.

இந்த இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இரண்டும் கேட்ட கேள்விகள் வேறு. ஆக்ஸிடோசின் இருக்கும் இடத்தில் மிசோப்ரோஸ்டால் அதற்கு ஈடாகுமா என்பது ஒன்று. எதுவுமே இல்லாத இடத்தில் அது உதவுமா என்பது இன்னொன்று. மருந்துத் தேர்வில் மிகப் பெரிய தவறுகள் நடப்பது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் என்று நான் நினைக்கிறேன். ஓர் ஆய்வைக் கையில் எடுத்தால், எதோடு ஒப்பிட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2011இல் நிபுணர் குழு மிசோப்ரோஸ்டாலை இந்தப் பயன்பாட்டுக்காகப் பட்டியலில் சேர்த்தது. ஒரு நிபந்தனையோடு: ஆக்ஸிடோசின் கிடைக்காத இடத்தில், அல்லது அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியாத இடத்தில் மட்டும். இந்த ஒரு வரி நிபந்தனைக்குள் மொத்த விவாதமும் அடங்கியிருக்கிறது.

எல்லாரும் இதை ஏற்கவில்லை. சேர்த்த அடுத்த ஆண்டே ஒரு விமர்சனக் கட்டுரை வந்தது. 2013இல் இந்தப் பயன்பாட்டை நீக்கக் கோரும் விண்ணப்பமும் குழுவின் முன் வைக்கப்பட்டது. எதிர்த்தவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. நல்ல ஆய்வுகளில் பெரும்பாலானவை மருத்துவமனைகளில் நடந்தவை, வீட்டுப் பிரசவத்துக்கான நேரடிச் சான்று மிகக் கொஞ்சம் என்றார்கள். மாத்திரை கொடுத்தாயிற்று என்று அரசுகள் திருப்தியடைந்துவிட்டால், பயிற்சி பெற்ற மருத்துவச்சியையும் ஒழுங்கான பிரசவ அறையையும் தரவேண்டிய கடமை பின்னுக்குப் போய்விடும் என்றும் அஞ்சினார்கள். குழு மருந்தை நீக்கவில்லை. 2015இல், தொடங்கிவிட்ட ரத்தப்போக்குக்கான சிகிச்சைக்கும் அதே நிபந்தனையோடு அதைச் சேர்த்தது.

குழு எடுத்த முடிவு சரி என்பது என் கருத்து. ஆனால் எதிர்த்தவர்கள் எழுப்பிய இரண்டாவது அச்சத்தை இன்றுவரை யாரும் முழுமையாகப் போக்கவில்லை. பட்டியலில் எழுதப்பட்ட நிபந்தனை கொள்முதல் அலுவலகத்தைத் தாண்டும்போது பல சமயம் காணாமல் போய்விடுகிறது. குளிர்சாதனப் பெட்டியும் செவிலியரும் இருக்கும் மருத்துவமனையிலும், எளிது என்பதற்காக மாத்திரையையே கொடுத்துப் பழகிவிட்டால் தாய்க்கு இரண்டாந்தர மருந்துதான் கிடைக்கிறது.

நேபாளம் இந்த மாத்திரையை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். அங்கே கிராமம்தோறும் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தில் அவர்கள் வீட்டுக்கே வந்து மூன்று மாத்திரைகளைக் கொடுத்து, எப்போது விழுங்க வேண்டும் என்று விளக்குவார்கள். ‘மாத்ரி சுரக்ஷா சக்கி’, அதாவது தாய்ப் பாதுகாப்பு மாத்திரை என்று அதற்குப் பெயர். முதலில் பாங்கே மாவட்டத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ரத்தப்போக்கைத் தடுக்கும் ஏதோ ஒரு மருந்தின் பாதுகாப்பு கிடைத்த பிரசவங்கள் அங்கே 12 சதவீதத்தில் இருந்து 74 சதவீதமாக உயர்ந்தன. அதன் பிறகுதான் நாடு முழுவதும் விரிவாக்கினார்கள்.

கர்ப்பிணியின் கையில் முன்கூட்டியே மாத்திரையைக் கொடுப்பதில் ஆபத்து இல்லாமல் இல்லை. குழந்தை வெளியே வருவதற்கு முன் இவ்வளவு மருந்தை விழுங்கினால் கருப்பை கிழிந்துபோகலாம், குழந்தையும் இறக்கலாம். இரட்டைக் குழந்தையாக இருந்து ஒன்று மட்டும் பிறந்திருக்கும்போது விழுங்கினாலும் அதே கதிதான். வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதிசெய்த பிறகே விழுங்க வேண்டும் என்பதை ஒவ்வொரு தாய்க்கும், கூட இருக்கப்போகும் மாமியாருக்கும் அக்காவுக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அந்தப் பேச்சு இல்லாமல் மாத்திரையை மட்டும் கொடுத்துவிட்டு வருவதற்குப் பெயர் மருந்து விநியோகம் அல்ல.

குப்பிக்குள் மருந்து இருக்கிறதா?

இதற்கிடையில் முதல் தேர்வான ஆக்ஸிடோசினைப் பற்றியே சங்கடமான செய்திகள் வரத் தொடங்கின. நைஜீரியாவில் சந்தையிலிருந்து மாதிரிகளை எடுத்துச் சோதித்து 2018இல் வெளியான ஆய்வில், ஆக்ஸிடோசின் மாதிரிகளில் நான்கில் ஏறக்குறைய மூன்று தரத்தில் தேறவில்லை. அதே ஆய்வில் மிசோப்ரோஸ்டாலிலும் மூன்றில் ஒரு பங்கு தேறவில்லை. கானாவிலும் ஆக்ஸிடோசினின் தரம் பற்றி இதே போன்ற கவலை முன்பே எழுந்திருந்தது.

தயாரிப்பிலேயே குறை இருப்பது ஒரு காரணம். வழியில் வெப்பத்தில் கெடுவது இன்னொன்று. வெப்பத்தில் கெட்ட ஆக்ஸிடோசின் பார்வைக்கு நல்ல மருந்து மாதிரியேதான் இருக்கும். நிறம் மாறாது, கலங்காது. ஊசி போட்டும் ரத்தம் நிற்காதபோது செவிலியர் தன் கையைச் சந்தேகிப்பார், அல்லது நோயின் தீவிரத்தைச் சந்தேகிப்பார். மருந்தைச் சந்தேகிக்க அவருக்கு எந்த அடையாளமும் இல்லை. போதாக்குறைக்கு, உற்பத்தியாளர்கள் எல்லாரும் குப்பியில் ஒரே வெப்பநிலையைப் போடுவதில்லை. சிலர் 2 முதல் 8 டிகிரி என்கிறார்கள், சிலர் 25 டிகிரிக்குக் கீழே என்கிறார்கள், சிலர் 30 வரைகூடப் போகிறார்கள். கிடங்குப் பணியாளர் எதை நம்புவார்?

மிசோப்ரோஸ்டாலின் எதிரி ஈரம். மாத்திரை அட்டையின் இரண்டு பக்கமும் அலுமினியமாக இருந்தால் தாங்கும். ஒரு பக்கம் சாதாரணப் பிளாஸ்டிக் என்றால் ஈரப்பதம் ஊடுருவி மருந்தின் அளவு குறையத் தொடங்கிவிடும். ஒப்பந்தப்புள்ளியில் மருந்தின் பெயரையும் அளவையும் எழுதிவிட்டு, எந்த அட்டையில் வர வேண்டும் என்பதை எழுதாமல் விட்டால், விலை குறைந்த அட்டைதான் வந்து இறங்கும்.

2019இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரியில்தான் வைக்க வேண்டும், தடுப்பூசிகளுக்கான குளிர்பதன வசதியிலேயே அதையும் வைத்துக்கொள்ளலாம் என்றன. கேட்டால் சாதாரண யோசனையாகத் தெரியும். ஆனால் பல நாடுகளில் தடுப்பூசி ஒரு துறையின் கையில், தாய்சேய் நலம் இன்னொரு துறையின் கையில். குளிர்சாதனப் பெட்டி அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருக்க, ஆக்ஸிடோசின் வெளியே அலமாரியில் வெந்துகொண்டிருக்கும். பெட்டி யாருடையது என்பதற்காக ஒரு தாய் இறப்பதை எந்த நிர்வாக விதியும் நியாயப்படுத்த முடியாது.

கார்பெடோசின்

வெப்பம் தாங்கும் கார்பெடோசின் வந்தது இந்த இடத்தில்தான். ஆக்ஸிடோசினின் உறவுக்கார மூலக்கூறு இது. உடலில் நெடுநேரம் நிற்கும். வெப்பம் தாங்கும்படி மாற்றிய வடிவம் 30 டிகிரியில் மூன்று ஆண்டுகள் கெடாமல் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 10 நாடுகளில் ஏறக்குறைய 30,000 பெண்களிடம் இதை ஆக்ஸிடோசினோடு ஒப்பிட்டு, 2018இல் முடிவை வெளியிட்டது. 500 மில்லிக்கு மேல் ரத்தப்போக்கு ஏற்பட்டோ, கருப்பையைச் சுருக்கும் மருந்து மேலும் தேவைப்பட்டோ இருந்தவர்கள் கார்பெடோசின் பக்கம் 14.5 சதவீதம், ஆக்ஸிடோசின் பக்கம் 14.4 சதவீதம். இந்த அளவுகோலில் இரண்டும் ஈடு. ஒரு லிட்டருக்கு மேற்பட்ட கடுமையான ரத்தப்போக்கில் இரண்டும் ஈடுதான் என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை போதவில்லை.

இந்த ஆய்வில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விவரம் உண்டு. யாருக்கு எந்த மருந்து என்பது வெளியே தெரியாமல் இருக்க இரண்டு மருந்துகளையுமே குளிரில் வைத்திருந்தார்கள். அதாவது கார்பெடோசின் ஈடுகொடுத்தது நன்றாகப் பாதுகாத்த ஆக்ஸிடோசினுக்கு. அலமாரியில் வெந்த ஆக்ஸிடோசினோடு அது போட்டியிடவே இல்லை. சமம் என்று முடிவு சொல்லும் ஆய்வு, குளிர்வசதி தடுமாறும் இடத்தில் கார்பெடோசினுக்குச் சாதகமாகவே பேசுகிறது.

2019இல் கார்பெடோசின் பட்டியலில் ஏறியது. அந்தப் பதிவில் மருந்தின் பெயரோடு ‘வெப்பம் தாங்கும் ஊசிமருந்து’ என்ற குறிப்பும் இருக்கிறது. எந்த வடிவம் என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான் என்று நிபுணர் குழு வெளிப்படையாக எழுதிவைத்த இடம் இது.

சரி, இனி ஆக்ஸிடோசினே வேண்டாமா? வேண்டும். பிரசவ வலியைத் தூண்டவும் வேகப்படுத்தவும் ஆக்ஸிடோசினைத்தான் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். அது சில நிமிடங்களில் உடலிலிருந்து நீங்கிவிடும். கருப்பை அதிகமாகச் சுருங்கினால் சொட்டை நிறுத்திவிடலாம். கார்பெடோசினை அப்படி நிறுத்த முடியாது, ஒருமுறை போட்டால் போட்டதுதான். எனவே குழந்தை பிறப்பதற்கு முன் அதைத் தொடவே கூடாது. இரண்டு குப்பிகளும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பிரசவ அறையில், அவசரத்தில் கை மாறி எடுத்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துத்தான் இடம் ஒதுக்க வேண்டும். கார்பெடோசின் வாங்கத் தொடங்கும் நாடு ஆக்ஸிடோசினுக்கான குளிர்சாதனப் பெட்டியைத் தூக்கிப் போட முடியாது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது.

தேர்ந்தெடுத்த பிறகு

ஒரு மருந்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக அதைச் சரியாகப் பயன்படுத்துபவர்களிடமிருந்தும் பறிக்கலாமா? இந்தியாவில் 2018இல் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. பால் சுரக்கவைக்கக் கறவை மாடுகளுக்கு ஆக்ஸிடோசினைப் போடுகிறார்கள் என்ற காரணத்தைச் சொல்லி, தனியார் நிறுவனங்கள் உள்நாட்டு விற்பனைக்கு அதைத் தயாரிக்க மத்திய அரசு தடைவிதித்தது. ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனம் மட்டும் தயாரிக்கலாம் என்றது. ஒரே தொழிற்சாலையில் இயந்திரம் பழுதானால் நாடு முழுவதும் பிரசவ அறைகள் என்ன செய்யும் என்று மகப்பேறு மருத்துவர்கள் பதறினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மருந்தைக் கட்டுப்படுத்துவதற்கு முன், அது கிடைக்காவிட்டால் யார் பாதிக்கப்படுவார்கள் என்பதை அரசு எடைபோட்டிருக்க வேண்டும். அந்த வேலை நடக்கவில்லை.

சரியான நோக்கத்தோடு கொடுப்பவர்களும் பழக்கத்தின் பேரில் தவறுவதுண்டு. ரத்தப்போக்கு நிற்காதபோது, ஆக்ஸிடோசினோடு மிசோப்ரோஸ்டாலையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பதால் கூடுதல் பலன் இல்லை, காய்ச்சலும் நடுக்கமும்தான் கூடுகின்றன என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்கவைத்தது 2023இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். புதிய மருந்து எதையும் அவர்கள் கொண்டுவரவில்லை. தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பை ஒன்றைப் பொருத்தி, எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைக் கண்ணால் ஊகிக்காமல் அளந்தார்கள். அளவு தாண்டியதும் கருப்பையைப் பிசைந்துவிடுவது, சுருங்கவைக்கும் மருந்து, ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், காயம் இருக்கிறதா என்ற பரிசோதனை, இவை அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் மொத்தமாகச் செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்கான அறுவைச் சிகிச்சை, அதனால் மரணம் என்ற கூட்டு அளவுகோல் 4.3 சதவீதத்தில் இருந்து 1.6 சதவீதமாக இறங்கியது. வழக்கமான முறையில் ஏறக்குறைய பாதி ரத்தப்போக்குகள் கண்டுபிடிக்கப்படாமலே போயிருந்தன. பையை வைத்ததும் நூற்றில் 93ஐக் கண்டுபிடித்தார்கள்.

மருந்துகள் அங்கே ஏற்கெனவே அலமாரியில் இருந்தவைதான். கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதுதான் தெரியாமல் இருந்தது. 2025 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் மகப்பேறு மருத்துவர்கள், மருத்துவச்சிகளின் சர்வதேச அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், 500 மில்லி வரை காத்திருக்க வேண்டாம் என்கிறது. 300 மில்லியைத் தொட்டு, நாடித்துடிப்போ ரத்த அழுத்தமோ சரியில்லை என்றால் உடனே சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. அளவுக்கோடு போட்ட அந்தப் பை எந்த மருந்துப் பட்டியலிலும் வராது. அதை வாங்குவதற்கு நாடுகள் தனியே நிதி ஒதுக்க வேண்டும், பிரசவம் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் பழக்கிக் கொடுக்கவும் வேண்டும்.